முப்பத்தேழாம் எண்

மீனின் விலை வெயிலிடம் இருக்கிறது.
ஆறு மணிக்கு எழுநூறு கேட்ட சீலா
பத்து மணிக்கு நானூறுக்குத் தலையாட்டும்.
பாம்பன் கரையில் பத்தொன்பது வருடமாக
ஏலம் கூவுகிறேன்.
ஐஸ் உருகும் வேகத்தில்
என் குரலும் இறங்கியாக வேண்டும்.

அட்டை அழுகாது.
அங்கேதான் சிக்கல்.

தொண்ணூற்றாறில் ஒரு ரூபாய் பபிள்கம்மில்
ஒரு கிரிக்கெட்காரன் மடங்காமல் படுத்திருப்பான்.
மிட்டாயைத் துப்பிவிட்டு அவனை வைத்துக்கொள்வோம்.
ஒன்று முதல் முப்பத்தாறு வரை எல்லாரிடமும் இருந்தது,
முப்பத்தெட்டு முதல் ஐம்பது வரையும்.
முப்பத்தேழு மட்டும் பாலம் தாண்டி வரவேயில்லை.
மூன்றே ஆட்டம் ஆடி வீட்டுக்குப் போன
யாரோ ஒரு இடக்கைச் சுழலர்.
அவர் பந்து போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
பார்க்காத பந்து
ஒன்றரை முழம் திரும்பியது.

கிளாட்வினுக்கு அது கிடைத்தது
தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக் கடையில்.
பள்ளிக்கூடமே அவனுக்கு வழிவிட்டது.
சனிக்கிழமை, ஐஸ் பேக்டரிப் பின்சுவர்,
நான்தான் கூவினேன்.
ஐந்து கோலி என்றான் ஒருவன்.
ஒரு பாக்கெட் தூண்டில் முள் என்றான் இன்னொருவன்.
பிறகு காசு பேச ஆரம்பித்தது.
நைனா முகம்மது ஏழு ரூபாய்.
ரோக்கு எட்டு ரூபாய், கூடவே
ஒரு வாரம் அவன் சைக்கிள்.
நைனாவுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.
ரோக்குக்கு அது போய்விடக் கூடாது,
அவ்வளவுதான்.
பதினொன்று என்று அவன் சொன்னபோது
அட்டையை யாருமே பார்க்கவில்லை,
எல்லாரும் ரோக்கு முகத்தைப் பார்த்தோம்.
முடிந்ததற்கு அடையாளமாக
வலது ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

புதன்கிழமை கீழக்கரையில்
கடையை மூடிய ஒருவரின் மிச்சப் பெட்டி வந்தது.
அதில் முப்பத்தேழு
ஏழு.

சாளை குவிந்த நாளில்
கூடைக்காரிகூட நிற்காமல் போவாளே,
அப்படி ஆனது.
அதே ஆள், அதே இடக்கை, அதே சிரிப்பு.
நாற்பது பைசா.

நைனா அழவில்லை.
ஏழையும் வாங்கினான்.
ராத்திரி ரோட்டுப் பாலத்து நடுவில் நின்று
ஒவ்வொன்றாகக் கடலுக்குக் கொடுத்தான்.
இனி என்னிடம் மட்டும்தான், என்றான்.
அட்டை மிதக்கும் என்று
அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
விடிந்தபோது குந்துகால் பக்கம்
நண்டு வலைகளில் நாலு இடக்கைச் சுழலர்கள்.
ஒன்றை நான் பிய்த்தெடுத்தேன்.
முகம் போயிருந்தது,
எண் இருந்தது.

இப்போது தடைக்காலம்.
படகுகள் கட்டிக் கிடக்கின்றன,
கூவ ஒன்றுமில்லை.
போனைத் தேய்த்துக்கொண்டிருந்த ராத்திரியில் வந்தது
கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தேழு.
பத்துக்கு ஆறரை மதிப்பெண்,
வலது ஓரத்தில் மைப்புள்ளி ஒன்று, அதனால்.
'உலகில் இருப்பதாகத் தெரிவது இது மட்டுமே.'
விற்பவர் ஊர் ஷார்ஜா.
விலை முப்பத்தோராயிரத்தில் நிற்கிறது.
ஒரே ஒருவன் கேட்டிருக்கிறான்,
எதிரே குரல் இல்லை.

எதிர்க்குரல் இல்லாத ஏலத்தை
என் காது தாங்காது.
மேசை இழுப்பறையில்
உப்பேறிய ஒன்று கிடப்பதைச் சொன்னால்
விலை என்னவாகும் என்று தெரியும்.
சொல்லவில்லை.
முப்பத்தோராயிரத்து ஐந்நூறு என்று
அழுத்தினேன்.
கரையில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
எழுத மாட்டேன்.
நைனாவுக்கு இது என் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் இருப்பது நாலாயிரத்து இருநூறு.

அந்த ஒருவன் திரும்ப வரவில்லை.
நாற்பது நொடி.
முப்பத்தைந்து.
எங்கே போனான்,
தூங்கிவிட்டானா, மனசு மாறிவிட்டதா,
ஐந்நூறு ரூபாய்க்கா மனசு மாறும்?
கேளுங்க, கேளுங்க,
இதுமாதிரி இன்னொன்று வராது,
கேளுங்க சார்...

உள்ளிருந்து ஸ்டெல்லா,
'நடுராத்திரில யாருக்குய்யா ஏலம்?'

பதினெட்டு.