மூன்றாம் கியர்

ருஸ்தாவியில் மழை.
மூன்றாம் கியரைவிட்டு அசைய மறுக்கிறது
ஜும்பெரின் டாக்ஸி.
பெட்டியே மாற்றணும் என்று
இரண்டு பட்டறைகள் கைவிரித்தாயிற்று.

சியூரி மீட்டர் முனைகளை வைக்கிறாள்.
சென்சார் சரி: அறுநூறு ஓம்.
ஓடுகிறோம் ஓடுகிறோம் என்று
அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது,
போய்ச் சேரவில்லை.

லிஃப்டில் சக்கரம் சுழல
வயரைப் பிடித்து ஆட்டுகிறாள்.
திரையில் வேகம்
நாற்பது, பூஜ்யம், நாற்பது, பூஜ்யம்.

சீட்டுக்கடியில் கம்பளத்தை உரித்தால்
கனெக்டர் பின்களில் களிம்பு.
ஓரத்து வெள்ளைப் பொருக்கை
நாக்கு நுனியில் வைக்கிறாள்.

உப்பு.

அமெரிக்காவில் எந்தக் கடல் ஏறியதோ.
"தண்ணீரே பார்க்காத வண்டி"
என்று விற்றவன் மச்சான்.
ஞாயிறு விருந்து அவன் வீட்டில்.

"பில்லில் என்ன எழுத?"

ஜும்பெர் வெகுநேரம்
மழையைப் பார்த்தான்.

"வயர் என்று எழுது.
வயர் மட்டும்."