மூன்றாம் நாள்: கருப்பு ஏரி

வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டி
முதல் மாடியில் எங்கள் ஆபீஸ்.
காசி, வேளாங்கண்ணி, உம்ரா என்று
எல்லாத் திசைக்கும் டிக்கெட் போட்டு அலுத்த முதலாளிக்கு
தை பிறந்ததும் ஒரு யோசனை வந்தது.
மாண்டினீக்ரோ.
ஐந்து பகல், நான்கு இரவு, காலைச் சாப்பாடு இலவசம்.

"குட்டி நாடும்மா. மலையும் கடலும்
ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குமாம்.
நோட்டீஸ் நீயே எழுதிரு."
அவரும் போனதில்லை.

எழுதினேன்.
பெயரின் பொருள் கருமலை.
பொதிகைமேல் மழை இறங்குகிற சாயங்காலம்
முக்கூடல் பஸ் ஜன்னலில் தெரிகிற நிறம்
என்று சேர்த்தேன். அப்புறம் அடித்துவிட்டேன்.

முதல் நாள்: கடலை வளைத்த மலை,
மலைமேல் ஏறுகிற கோட்டைச் சுவர்,
ஆயிரத்துச் சொச்சம் படி.
முழங்கால் வலி உள்ளவர்கள்
கீழேயே இருந்து காபி குடிக்கலாம்.

இரண்டாம் நாள்: தண்ணீர் நடுவே ஒரு கோயில்.
பாறையில் மாதா படம் கிடைத்த இடத்தில்
கப்பல்காரர்கள் கரை திரும்பும்போதெல்லாம்
ஒரு கல் போட்டு, ஒரு கல் போட்டு
தீவையே உண்டாக்கினார்களாம்.
மொத்த நோட்டீஸிலும்
இதை மட்டும்தான் நான் உடனே நம்பினேன்.
உவரியில் ஓலைப்பெட்டி நிறையக்
கடல்மண் அள்ளித் தலையில் சுமந்து
நாற்பத்தொரு நடை
சுயம்புலிங்கர் முன்னால் கொட்டியவள் நான்.
எதற்கு என்பது நோட்டீஸில் வராது.
மண் மேடாகத்தான் நின்றது.
கேட்டது இன்னும் கரை தட்டவில்லை.

மூன்றாம் நாள்: கருப்பு ஏரி.
ஏரி என்று பெயரிட்ட ஃபோல்டரில் கைக்கு வந்த படத்தை
ஒட்டி அச்சுக்கு அனுப்பினேன்.
நோட்டீஸ் வந்தது, பெரிதாக ஒன்று சுவரிலும் ஏறியது.
ஏழு பேர் முன்பணம் கட்டினார்கள்.
ஏழு பேரும் அந்தப் படத்தைத் தொட்டுத்தான் கேட்டார்கள்,
"இந்த இடம் கண்டிப்பா உண்டுல்லா?"
மேலப்பாளையம் பல் டாக்டர்
"நம்ம ஊர்ல எங்கம்மா இருக்கு இப்பிடி" என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர்க் கேன் போட வருகிறவர் சுவிசேஷமுத்து.
அதிகம் பேசமாட்டார்.
அன்றைக்குக் கேனைக் கவிழ்த்துவிட்டு,
குமிழிகள் குடுகுடுவென ஏறி அடங்கும்வரை நின்றார்.

"இது குதிரைவெட்டில்லா."

"இல்ல அண்ணாச்சி. வெளிநாடு."

"வெளிநாடாவே இருக்கட்டும்.
அந்தா தெரியுது பாருங்க, காரையாறு. தள்ளி அது சேர்வலாறு.
இந்த மொட்ட மரத்துல இடி விழுந்த அன்னைக்குத்தான்
எங்க ரெண்டாவதுக்குப் பேர் வச்சோம்.
எங்க லைன் வீடு இங்கன" என்று விரல் வைத்தார்,
படத்துக்கு வெளியே,
காரை பெயர்ந்த சுவரில்,
காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே.

எஸ்டேட் மூடி இறங்கி வந்த பிறகு
ரெட்டியார்பட்டியில் வாடகைக்கு இருக்கிறார்களாம்.
"பெர்மிட் வாங்கிட்டுப் போலாம்.
சாயங்காலத்துக்குள்ள இறங்கிரணும்.
சுத்திப் பாக்க வாறவங்க மாதிரி."

காலிக் கேன் இரண்டையும் ஒரே கையில் கோத்துக்கொண்டு கேட்டார்,
"இதுக்கு எவ்வளவு?"

"ரெண்டே கால் லட்சம்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
நியாயமான விலைதான் என்பதுபோலத்
தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார்.

மறு அச்சில் சரியான படம் போட்டோம்.
ஏரி, அதைச் சுற்றி ஊசிமரங்கள், எல்லாம் பொருத்தமாக.
ஆறு பேர் வித்தியாசம் கவனிக்கவில்லை.
பல் டாக்டர் மட்டும் வந்து நின்றார்.
"நான் பாக்க நினைச்சது இது இல்லையே.
அது எந்த இடம்மா?"

பாபநாசம் வழியா, இல்ல மணிமுத்தாறு செக்போஸ்ட் என்று
வாய் எடுத்தேன்.
ஆணிக்கு ஒரு சாண் கீழே
கண் போனது.

முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்,
இரண்டு தடவை.