ஏழு மணிப் பதிவு

முதல் நாள் கன்னியப்பனுக்குப் பேச்சு வரவில்லை;
மேடைதான் வந்தது.
‘பேரன்பு கொண்ட என் தொகுதிப் பெருமக்களே,
வடசென்னையின் வாடாத வேர்களே’ என்று தொடங்கி
காய்ச்சல் முகாம் எந்தத் தெருவில் என்பதற்கு வருவதற்குள்
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
கைபேசியைப் பிடித்திருந்தவள் நான்.
சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் அதுவரை என் வேலை
ஓய்வூதிய மனுக்களுக்கு எண் போடுவது.

பதிவு நூற்றுப்பதினாறு குழுக்களுக்குப் போகும்.
அப்புறம் தேசிங்கின் ஆட்டோவில் ஏறி,
கூரையில் கட்டிய குழாய் வழியாக
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் போகும்.
தகரம் அடித்த தெருக்களில்
ஆள் நுழைய முடியாத இடத்துக்குள்
குரல் மட்டும் போகும்.

நான்காம் நாள் ‘வாடாத வேர்கள்’ உதிர்ந்தது.
ஆறாம் நாள் ‘பெருமக்கள்’.
யாரும் வெட்டச் சொல்லவில்லை.
மூச்சு வாங்க நின்ற இடங்களில்
அவரே ஒவ்வொன்றாய் வைத்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் சொன்னார்:
மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கட்டில்,
ஆக்சிஜனோடு, இன்று இரவு முதல்.
மேலேயிருந்து வந்த தகவல்.
தாளில் எழுதிக் கொடுத்தது நான்தான்.
எண்ணாலும், எழுத்தாலும்.

கட்டில் வந்திருந்தது.
சிலிண்டர் வரவில்லை.
பள்ளி வாசலில், சறுக்குமரத்துக்குப் பக்கத்தில்,
ஒன்பது ஆட்டோ நின்றது.
ஒன்றில் ஷாஹிதாவின் கணவர்.
கொளத்தூரில் மீன்தொட்டி விற்றவர்,
தொட்டிக்குத் தொட்டி காற்றுக்குழாய் மாட்டித் தந்தவர்.

விடியற்காலை அலுவலகத் தொலைபேசியில்
அந்த அம்மா திட்டவில்லை.
‘நீங்க சொன்னதாலதான் ஸ்டான்லி வரிசையிலேர்ந்து
வண்டியத் திருப்பினோம்’ என்றார்.
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.
பதிவேட்டில்
‘மனுவின் பொருள்’ என்ற கட்டத்தின் மேல்
பேனாவை வைத்தபடி இருந்தேன்.

மாலை, உடனிருந்தவர்கள் சொன்னார்கள்:
அதிகாரி பேரைச் சொல்லிடுங்க.
தொழில்நுட்பக் காரணம்னு போடுங்க.
‘விரைவில்’ போதும்ணே, ஜனங்க மறந்துடும்.
அவர் மொட்டைமாடிக்குப் போனார்.
தண்ணீர்த்தொட்டி நிழலில் நின்றார்.
பதினொரு தடவை பதிந்தேன், பதினொரு தடவை அழித்தேன்.
பன்னிரண்டாவது:

‘நான் கன்னியப்பன்.
நேத்து பள்ளிக்கூடத்துல ஆக்சிஜன் இருக்குன்னு சொன்னேன்.
இல்ல.
போய்ப் பாக்காம சொன்னேன்.
அதை நம்பி வந்தவங்கள்ல ஒருத்தர் இப்ப இல்ல.
இன்னிக்கு நானே போயி எண்ணினேன்.
நம்ம தொகுதியில காலியா இருக்கிற கட்டில்: ஒண்ணுமில்ல.
நாளைக்கு ஏழு மணிக்கு மறுபடி சொல்றேன்.’

முப்பத்தொரு நொடி.

தேசிங்கு அன்று மெதுவாக ஓட்டினான்.
குழாய் ‘ஒண்ணுமில்ல’ என்றபோது
மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்
எடுத்த கையோடு நின்றார்கள் என்றான்.
ஒருவன் கல் எறிந்தான். முன்கண்ணாடி போனது.
அடுத்த சந்தில் ஒருத்தி சன்னல் வழியாக
‘இன்னொரு வாட்டி போடு’ என்றாளாம்.

அதன்பின் தினமும் எண்கள்.
மூன்று. பூஜ்யம். பூஜ்யம்.
ஒன்று, ஆனால் பெண்கள் வார்டில்.
ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால்
‘போய்ப் பாத்தேன்’ என்று ஒரு சொல்.
வேறு அலங்காரம் கிடையாது.
ஒருநாள் ஏழு ஐந்துக்கு அனுப்பினோம்;
ஐந்து நிமிடத்தில் நாற்பது அழைப்பு.

அலை இறங்கியது.
தகரம் பழைய இரும்புக் கடைக்குப் போனது.
ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம்,
சுரங்கப்பாதைத் திறப்பு விழா.
மேடை. சால்வை.
‘வாடாத வேர்களே’ திரும்பி வந்திருந்தது,
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

பதினொன்றையும் அழித்தேன் என்றேனே,
பத்தைத்தான் அழித்தேன்.
ஏழாவதில் யாரும் பேசவில்லை.
ஒரு காகம்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் சரக்கு ரயில்.
நடுவில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார்,
பேசப்போகிறவர் போல.

இடம் போதவில்லை என்று
கைபேசி சொல்லும்போதெல்லாம்
வேறு எதையாவது அழிக்கிறேன்.