கன்னம் வீங்கிய கள்ளி

லியபாயாவில் கடற்காற்று
நவம்பரிலேயே நோட்டரி அலுவலகத்துக்குள்
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஜன்னலோரம் மூன்று செடி செத்தாயிற்று.
நான்காவதை ஜின்த்ரா
மேசைக்கடியில் பின்னினாள்.

ஆறு கண்ணி. பன்னிரண்டு. பதினெட்டு.
தொலைபேசி அடிக்க, எண்ணிக்கை தவறி
கள்ளிக்கு ஒரு பக்கம் கன்னம் வீங்கிற்று.
பிரிக்க மனமில்லை.
பல்வலிக்காரி போலும் என்று
கோபப் புருவம் இரண்டு வைத்தாள்,
கூடவே, ஏனோ, கேரட் நிற மீசை.
தயிர் டப்பாதான் தொட்டி.

வியாழன், பத்தேகால்.
விவாகரத்துக்கு வந்த இருவர்
நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.
கோட்டுகூடக் கழற்றவில்லை.

அய்விஸ் கள்ளியைப் பார்த்தார்.
கள்ளி அவரைப் பார்த்தது.
"இதற்கு யாரும் தண்ணீர் விடுவதில்லையா?"

"அது நூல், மனுஷா" என்றாள் ஸ்கைத்ரீதே.
"இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன்,
கண்ணாடியைப் போடு."

போட்டார்.
"அட, உன் அண்ணன்!"

முதலில் அவள் மூக்கு சிரித்தது,
பிறகு தோள்,
பிறகு இருவரும், கண்ணீர் வர.
ஜின்த்ரா கோப்புக்குள் முகம் புதைத்து
யோசித்தாள்:
கட்டணத்தைத் திருப்பித் தரும் படிவம்
எந்த அலமாரியில்?

தேவைப்படவில்லை.
சிரிப்பு அடங்காத கையில்
இரண்டு கையெழுத்தும் கோணல்.
முத்திரை நேராக விழுந்தது.

வாசலில் அவள் திரும்பி
"இதே போல் ஒன்று கிடைக்குமா?" என்றாள்.
"எனக்கும்" என்றார் அவர்.
"புது வீடு. ஜன்னல் வடக்குப் பார்த்தது."

அன்று மாலையிலிருந்து ஜின்த்ரா
பின்னுகிறாள், பிரிக்கிறாள்.
எல்லாம் ஒழுங்காக வருகிறது.
எந்தக் கண்ணியில் தவறினாள் என்பதுதான்
நினைவில்லை.