மூன்று கிலோ சோடா

சீனக்குடா இறங்குதுறையில் சிந்தியது.
மழை தொட்டது, வண்டு தொட்டது,
மனிசருக்கு ஆகாதென்று முத்திரை விழுந்தது.
பன்னிரண்டு சாக்கு முழுக் கோதுமை
லாண்ட்மாஸ்டர் ஏறி
வெள்ளைமணலுக்கு வந்தது, என் பெயருக்கு.

அரைக்க மில்காரன் கேட்ட கூலி
கோதுமை விலையைவிடக் கூட.
அப்படியே போட்டேன்.
மூன்று பசுவும் தலை நிமிராமல் தின்றன.

எட்டாம் நாள் சாணக் குவியலில் பச்சை.
குனிந்து பார்த்தால்,
இந்த மணல் ஒருநாளும் காணாத பயிர்,
மாட்டு வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து
தலை சீவி நிற்கிறது
நான் வட்டிக்கு எடுத்த காசில்.

பக்கத்து வளவு ஹம்சியாவின் ஆடுகள்
வேலிக்குள்ளால் கழுத்தை விட்டு அதை மேய்ந்தன.
"உங்கட மாடு விதைக்குது, எங்கட ஆடு அறுக்குது"
என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

கால்நடை டொக்டர்
பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தார்:
நூறு கிலோவுக்கு மூன்று கிலோ காஸ்டிக் சோடா,
இருபத்தைந்து லீற்றர் தண்ணீர், கையுறை.
கையுறைக்குக் கீழே இரண்டு கோடு.

சீமெந்துத் தரையில் கொட்டிப் பிரட்டினேன்.
விறகில்லை, நெருப்பில்லை,
குவியல் தானாய்க் கொதித்தது.
சவளின் இரும்பு வழியே சூடு ஏறி
என் முழங்கை வரை வந்தது.
கடற்காற்றில் ஆவி சாய்ந்தது.
மணிகள் நிறம் கறுத்து, தோல் நெகிழ்ந்து,
விரலில் வழுக்கும் ஏதோவொன்றாய் ஆயின.

ஒரு சொட்டு,
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில்.
முதலில் சவர்க்காரம்போல் வழுவழுத்தது.
பிறகுதான் எரிந்தது.
கோதுமைத் தோல் எது, ஆள் தோல் எது என்று
அது விசாரிப்பதில்லை.

இப்போது சிவலை ஒரு லீற்றர் கூடத் தருகிறாள்.
இரண்டு வாளி கூடக் குடிக்கிறாள்.
இரவெல்லாம் மூத்திரம்,
விடிந்தால் தொழுவம் குளம்.
எங்கள் கிணறு ஏற்கெனவே உவர்.
பவுசர் தண்ணீர்க் காசைக் கழித்தால்
மிச்சம் அரை லீற்றர்.
மணிக்கட்டில் இந்தத் தழும்பு
கணக்கில் எந்தப் பக்கம் வருமென்று தெரியவில்லை.

சாணகம் மொட்டையாய்க் காய்கிறது.
ஆடுகள் வழக்கம்போல் கழுத்தை விட்டு
மோந்து பார்த்துவிட்டுப் போகின்றன.
"விதைப்பை நிப்பாட்டிட்டீங்களா?"
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹம்சியா.

பால் வேண்டுமா என்று கேட்டேன்.
என்ன விலை என்றாள்.
சொன்னேன்.