ஜ இல்லாத எழுத்துரு

தூத்தூர் கால்பந்துக்குச் சான்றிதழ்.
பாதி ராத்திரி உட்கார்ந்து
டேப்லெட்டில் ஏற்றிய புது எழுத்துரு:
கார்னர் கிக் போல வளைகிற ளகரம்,
பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பெயர்களைத் தட்டினேன்.
அஜின்: அ, கட்டம், ன்.
ஷிபு: கட்டம், பு.
வடிவமைத்தவருக்கு ஜ வேண்டாம்போல,
ஷ, ஸ எதுவுமே.
எங்கள் அணியில் பாதிக்கு மேல்
வெற்றுப் பெட்டிகள்.

முழுசாய் வந்தவன்
மூன்று கோல் விட்ட ஆன்றோ.

விடியும்போது
பழைய எழுத்துருவிலிருந்து
அந்த மூன்றையும் இரவல் வாங்கினேன்.
வரிக்கு நடுவே தடித்து நிற்கின்றன,
யாருடையதோ பூட்ஸில்
கடைசி நிமிடம் இறங்கினவர்கள் மாதிரி.

ஷிபு வாங்கினான்,
வெயிலில் தூக்கிப் பார்த்தான்.
"எனக்க பேருல
மொத எழுத்து மட்டும் போல்டா?
கொள்ளாம், மக்கா."