அரை விநாடி

ஹைடெக் லேபில் ஒளி மெதுவாகப் போகும்.
அதற்கென்று திரையில் ஒரு பட்டை இருக்கிறது.
இடப்பக்கம் இழுத்தால்
மஞ்சள் புள்ளி ஒன்று எறும்பாகி
விளக்கிலிருந்து கண்ணாடிக்கு ஊர்ந்து
திரும்பி வருவதற்குள்
அடைக்கலமேரி கொட்டாவியை முடித்துவிடுவாள்.
விடை கீழே தானாக வந்து நிற்கும்.
பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு முழுக்க ஒரே விடை,
தசமப் புள்ளிக்குப் பின்னாலும் ஒரே விடை.

பாடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம்.
நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒருவர்
ஒளிக்கு வேகம் உண்டா பார்க்கலாமென்று
ஆளுக்கொரு மூடிய விளக்கோடு
தூரத் தூர இருவரை நிற்கச் சொன்னாராம்.
நீ திற.
உன் வெளிச்சம் கண்டதும் நான் திறக்கிறேன்.
அளக்க முடியவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டுப்
புத்தகம் அடுத்தவரின் வெற்றிக்குப் போய்விடுகிறது.
எனக்குத்தான் அந்தக் கட்டத்தை விட்டு
நகர முடியவில்லை.

பள்ளத்தூருக்கு வெளியே கண்மாய் கிடந்தது,
பங்குனியில் பாளம் பாளமாக வெடித்து.
சைக்கிள் சக்கரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி
அக்கரை வரைக்கும் உருட்டினோம்.
இருநூறு சுற்று. நானூற்றுப் பதினான்கு மீட்டர்.
நூற்று முப்பதுக்குப் பக்கத்தில்
மேரி ஏதோ சினிமாக் கதை சொன்னாள்;
அதையும் நோட்டில் குறித்தேன்.

இருட்டியதும் முதலில்
கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே நின்றோம்.
என் டார்ச், அவள் டார்ச், போனில் ஓடும் கடிகாரம்.
அரை விநாடி.
பிறகு அவள் அக்கரைக்குப் போனாள்.
பத்து முறை அடித்தேன், பத்து முறை பதிலடித்தாள்.
அரை விநாடி.
நடுவில் கிடந்த கண்மாய் முழுவதையும்
ஒளி கணக்கிலேயே சேர்க்கவில்லை.
அந்த அரை விநாடி எங்களுடையது:
அவள் கண்ணிலிருந்து கட்டைவிரலுக்கு,
என் கண்ணிலிருந்து என் கட்டைவிரலுக்கு,
அவ்வளவுதான் பயணம்.

"ஏ யாருத்தா அது, நரிக்கு லைட் அடிக்கிறது?"
அக்கரையில் கிடை போட வந்த கீதாரி.
எங்களை வைதுவிட்டுத்
தலைவிளக்கு வெளிச்சத்தில்
முளைக்கம்பு அடிக்கத் தொடங்கினார்.
சம்மட்டி இறங்கியது. சத்தமில்லை.
சம்மட்டி மறுபடி மேலேறிக்கொண்டிருந்தபோது
ணங்கென்று ஒன்று வந்தது,
யாரும் எதையும் அடிக்காத நேரத்தில்.

வீட்டுக்குப் போகலாமா என்று
மேரியின் டார்ச் கண்சிமிட்டிக்கொண்டேயிருந்தது.
நான் பதில் போடவில்லை.
சம்மட்டி விழுவதைக் கண்டதும் ஒரு தட்டு,
கேட்டதும் ஒரு தட்டு.
தட்டும்போது இரண்டு தடவையும் நான்தான் தாமதம்,
ஏறக்குறைய ஒரே அளவு தாமதம்.
கழித்தால் நான் காணாமல் போய்விடுவேன்.
மிச்சம் சத்தத்துக்கே சொந்தம்.
ஒன்பது கம்பு. சராசரி ஒன்று புள்ளி மூன்று விநாடி.
மண்ணில் குந்தி வகுத்தேன்:
விநாடிக்கு முந்நூற்றுப் பதினெட்டு மீட்டர்.
புத்தகத்தில் முந்நூற்று நாற்பதுக்கும் மேலே.

ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்:
ஒளி: அளக்க முடியவில்லை.
கிடைத்தது அரை விநாடி;
பாதி அடைக்கலமேரிக்கும் பாதி எனக்கும் உரியது.
ஒலி: முந்நூற்றுப் பதினெட்டு.
ருக்மாங்கதன் சார் அந்த எண்ணின் மேல்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி வைத்தார்.
பத்துக்கு நாலு.

பஸ் ஸ்டாப்பில் வைத்து மேரி சொன்னாள்,
"ஏ உமையா, அந்த நூத்தி முப்பதை
ரெண்டு தடவை எண்ணிட்டேன்னு நினைக்கிறேன்டி."
ஒரு சுற்றைக் கழித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
முந்நூற்றுப் பதினேழு.
விடை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று.
அடித்துத் திருத்தி,
கேள்விக்குறியை அப்படியே விட்டேன்.